கடைமடையையும் ஒருமுறை காட்டுங்கள்
கடல்மட்ட உயர்வைப் புரிந்துகொள்ளப் பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையில் நெதர்லாந்துக்குப் போய்ப் படிப்பதுதான் சிறந்த வழி என்று கட்டுரை சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் இதைப் பணக்காரப் பிள்ளைகளின் சுற்றுலா என்று எழுதியிருக்கிறார்; அப்படி ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் போன கோடையில் இப்படி இரண்டு வாரம் போய்வந்தாள். 1953 வெள்ளத்தில் அங்கே 1,800 பேருக்கு மேல் இறந்ததையும், அதன்பின் கட்டிய கடல் தடுப்புகளையும் மணிக்கணக்கில் சொன்னாள். சரி, நம்ம காவிரிக்குக் கடைமடை, அதாவது பாசனத் தண்ணீர் கடைசியாய்ப் போய்ச் சேரும் இடம், எங்கே என்று கேட்டேன், விழித்தாள். அப்புறம் மே கடைசியில் வேதாரண்யம் பக்கம் கூட்டிப்போனேன். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்றுதான் திறக்கும் என்பதால் வாய்க்காலெல்லாம் காய்ந்து கிடந்தது. தூர்வாரும் பொக்லைனைத்தான் பார்க்க முடிந்தது. என் பெரியம்மா வீட்டு அடிபம்புத் தண்ணீரை ஒரு வாய் வைத்தவள் அப்படியே துப்பினாள், அவ்வளவு உப்பு. ஆற்றில் நன்னீர் வரத்து குறைந்து, நிலத்தடி நீரையும் உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் உள்ளே ஏறுகிறது என்பதை அந்த ஒரு வாய் அவளுக்குச் சொல்லிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. சாய்ந்த தென்னைகளைப் பற்றிப் பெரியம்மா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். பக்கத்திலேயே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, 2002இலேயே ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரை. வெளிநாட்டுக்கு அனுப்பும் பள்ளிகள், விமானம் ஏறும் முன் இங்கே இரண்டு நாள் தங்கவைத்தால் அங்கே போய் என்ன கேட்பது என்றாவது பிள்ளைகளுக்குத் தெரியும். செலவும் பஸ் டிக்கெட்தான்.