80 மீட்டர் ஆழம் அவ்வளவு பெரிய தடையா?

ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலுக்கு அடியில் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோகப் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் 2022இல் வெடித்ததைப் பற்றியது இந்தக் கட்டுரை. அங்கே 80 மீட்டர் ஆழத்தில் வெடி வைக்க நீர்மூழ்கிக் கப்பல் வைத்திருக்கும் கடற்படையால்தான் முடியும் என்று அது அடித்துச் சொல்வது இடிக்கிறது. ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தபடி, மூழ்கிப்போன கப்பல்களைப் பார்க்க அந்த ஆழத்துக்குப் பொழுதுபோக்காகவே இறங்குகிறவர்கள் உண்டு. கஷ்டம் இறங்குவதில் இல்லை, ஏறுவதில்தான். உடம்பில் கரைந்த வாயு மெல்ல வெளியேற வேண்டும் என்பதால், நின்று நின்று மேலே வர மணிக்கணக்காகும். ஜெர்மன் புலனாய்வும் ஜெர்மனியின் ரோஸ்டாக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ஆண்ட்ரோமெடா' என்ற வாடகைப் பாய்மரப் படகைத்தான் பிடித்தது. உள்ளே வெடிமருந்துத் தடயம் கிடைத்தது. இதே வழக்கில் 2025 ஆகஸ்டில் இத்தாலியில் உக்ரைனியர் ஒருவர் கைதானார். சரி, உத்தரவு போட்டது யார், பணம் கொடுத்தது யார் என்பது வேறு கேள்வி, அதைப் படகு சொல்லாது. மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், "தன் வருமானத்தை ரஷ்யாவே கெடுத்துக்கொள்ளுமா?" என்கிறார். என்ன வருமானம்? முதல் நார்ட் ஸ்ட்ரீமில் வாயுவை ரஷ்யாவே 2022 ஆகஸ்ட் கடைசியில் நிறுத்திவிட்டது, இரண்டாவது ஓடவே இல்லை. வெடித்தது செப்டம்பர் 26. அதனால் ரஷ்யாதான் செய்தது என்றும் ஆகிவிடாது, அந்த வருமான வாதம் நிற்காது, அவ்வளவுதான். அப்புறம், இரண்டு திட்டங்களுக்கும் சேர்த்து இருந்த நான்கு குழாய்களில் இரண்டாவது திட்டத்தின் ஒரு குழாய் மட்டும் எப்படித் தப்பியது என்பதைக் கட்டுரை தொடவே இல்லையே?