பத்தாவதாக ஏறிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் டொக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரைப் பார்க்க நாங்கள் கூடினபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். இல்லாதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நேற்று நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்து போனைத் திறந்தால், அங்கே பேசின அண்ணன் அதே வசனத்தைக் கொஞ்சம் மெருகேற்றித் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். “ஆள் மாறினாலும் பரவாயில்லை என்று பார்க்கிறவருக்குப் பாசம் இல்லை, பொழுது போகத்தான் பார்க்கிறார்.” கீழே வரிசையாக இதயங்கள். அதில் நாலு பேருக்கு டொக்டர் ஹூ என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கு நிச்சயம்.

சரி, எழுதுகிறேன்.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுத் தேடினால் இன்னும் இரண்டு பேர் அகப்படலாம். இந்த ஏழு பேருக்குள்ளேயே “உண்மையான ரசிகர்” யார், “சும்மா ரசிகர்” யார் என்று பிரிக்கத் தொடங்கிவிட்டோம். இந்த விடயத்தில் நாம் தமிழர் என்பதை ஒருவரும் மறுக்க முடியாது.

அந்தத் தொடரின் நாயகன் பெயர் டொக்டர், அவராக ஆள் மாறி ஆள் நடிப்பார்கள். அண்ணனின் கட்சி இது. டேவிட் டெனன்ட்தான் டொக்டர். அவர் போனதோடு கதை முடிந்தது. பிறகு வந்ததெல்லாம் ஆள்மாறாட்டம். நான் கேட்கிறேன், டெனன்ட் எத்தனையாவது டொக்டர்? பத்தாவது. அவருக்கு முன்னால் ஒன்பது பேர். கல்முனை பஸ்ஸில் புட்போர்டில் தொங்கி ஒருமாதிரி உள்ளே ஏறினவர், ஏறின கையோடு “இடமில்லை, இனி ஒருத்தரையும் ஏத்தாதீங்க” என்று கொண்டக்டருக்குச் சொல்வாரே, அந்த ஆளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில்தான் நான் இருந்தேன்.

ஆள் மாறுவதுதான் ஐயா அந்தக் கதையே. 1963 நவம்பர் 23ஆம் திகதி பிபிசியில் தொடங்கியது. வில்லியம் ஹார்ட்னெல் முதலாவது டொக்டர். மூன்று வருடத்தில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது, வசனம் நினைவில் நிற்கவில்லை. வேறு நாடகமாக இருந்தால் அத்தோடு மூடியிருப்பார்கள். இல்லாவிட்டால் நம்முடைய மெகா சீரியல்களில் “இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டு, மாமியார் முதற்கொண்டு ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நடத்துவார்களே, அப்படி நடத்தியிருப்பார்கள். இவர்கள் அதைச் செய்யவில்லை. 1966 ஒக்டோபரில் கிழவர் விழுகிறார், முகம் வெளிச்சத்தில் கரைகிறது, பேட்ரிக் ட்ரவுட்டன் எழும்புகிறார். கூட இருக்கிறவர்கள் திகைத்துப்போய் “நீ யார்?” என்று நிற்கிறார்கள். மாற்றத்தை ஒளிக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். அதனால்தான் அது அறுபது வருடம் கடந்தும் கிடக்கிறது. இந்த மாற்றத்துக்கு அண்ணன் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற ‘ரீஜெனரேஷன்’ என்ற சொல்கூட 1974இல்தான் கதைக்குள் வந்தது. சொல்லே பிந்தி வந்தது, மாற்றம்தான் முந்தி வந்தது.

முதலாவது டொக்டரையே இதுவரை மூன்று பேர் நடித்திருக்கிறார்கள். ஹார்ட்னெல் 1975இல் இறந்துபோனார். 1983இல் இருபதாம் ஆண்டு விசேடத்துக்கு ரிச்சர்ட் ஹர்ன்டால் நடித்தார், 2017இல் டேவிட் பிராட்லி. ஒருவரும் செத்துப்போகவில்லை. பார்த்தவர்களைச் சொல்கிறேன்.

இன்னொன்று. டெனன்ட் கலியாணம் கட்டியது ஐந்தாவது டொக்டர் பீட்டர் டேவிசனுடைய மகளை. மாமனார் ஐந்து, மருமகன் பத்து. அண்ணனின் கணக்குப்படி மருமகனே மாமனாரின் கதிரையைப் பிடித்த கள்ளன். இதை அங்கே சொன்னேன், சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் நேர்ஸ் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறோம். கிளினிக்கில் டொக்டர் ட்ரான்ஸ்பர் ஆகிப் போய்ப் புது டொக்டர் வந்தால், முதல் மாதம் முழுக்க எங்களுக்குத்தான் கரைச்சல். “மிஸி, அந்த டொக்டர் எங்க? அவர்ர கை ராசியான கை” என்று கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். புது ஆள் அதே குளிசையைத்தான் எழுதியிருப்பார், அதே அளவுதான், கொப்பியைத் திருப்பிக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். மூன்றாம் மாதம் பார்த்தால் புது டொக்டருக்கு முருங்கைக்காய் கட்டுக் கொண்டுவந்து நிற்பார்கள். அந்த அம்மாமாருக்குப் பாசம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் ஊர் பாண்டிருப்பு. புரட்டாதியில் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கு. வனவாசத்தன்று பாண்டவர் வேடம் தாங்கினவர்கள் ஊருக்குள்ளால் வருவார்கள், வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்துச் சனம் நிற்கும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வேடம் தாங்கினவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து மேசன் மாமா. ஒரு வருடம் அவருக்குப் பதில் வேறு ஆள். நான் அம்மம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து “இது மாமா இல்லையே” என்றேன். அம்மம்மா கையெடுத்துக் கும்பிட்டபடியே, என்னைப் பார்க்காமலே, “மாமாவையாகா கும்பிடுறம்?” என்றா. அவ்வளவுதான். மேசன் மாமா எங்களுக்குப் பக்கத்தில், துவாய்த்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரும்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இது கோயில் விடயம், நாடகத்தோடு ஒப்பிடலாமா என்று யாராவது தொடங்க வேண்டாம். ஒப்பிடவில்லை. ஆளையும் வேடத்தையும் பிரித்துப் பார்க்க நம் சனத்துக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

“ஆள் மாறினது பிரச்சினை இல்லை, கதை மோசமாகிவிட்டது” என்று சிலர் சொல்வீர்கள். ஓம், சில கதை மோசம்தான். பெண் டொக்டராக வந்த ஜோடி விட்டேக்கருக்கு எழுதிக்கொடுத்ததில் பாதி, பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. 2025இல் முடித்த விதமும் அவசரமாகக் கட்டின பொட்டலம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே? பொம்பிளை என்றார். பிறகு “அந்தக் கறுவல்” என்றார். இருந்த ஆறு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் உடனே திறக்கவில்லை, அதுவும் உண்மை.

அண்ணன் அப்படிச் சொன்ன டொக்டர், ஷூட்டி கட்வா, றுவண்டாவில் பிறந்தவர். 1994இல் அங்கே நடந்த படுகொலைக்குத் தப்பி ஓடின குடும்பத்தின் பிள்ளை, ஸ்கொட்லாந்தில் வளர்ந்தவர். இரவோடு இரவாக உடுத்த துணியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றால் என்ன என்று கிழக்கு மாகாணத்தில் பிறந்த ஒருவருக்கு நான் எழுதித்தான் விளங்கப்படுத்த வேண்டுமா? ஓடினவன் பிள்ளை, டொக்டர் பயணம் செய்கிற அந்த நீலப் பெட்டியின் திறப்பை வாங்கி நிற்கிறான். அண்ணனுக்கு அதில் தெரிந்தது நிறம்.

“இப்பதான் எங்கட நிறத்து ஆக்களையும் கொண்டுவந்து திணிக்கிறாங்கள்” என்றும் ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். இப்போதுதானா? 1963இல் வந்த முதற் கதையை இயக்கினது வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 24. தயாரித்தது வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண், வயது 27. நம்ம நிறமும் பொம்பிளையும் இல்லாமல் உங்கள் டொக்டர் பிறந்திருக்கவே மாட்டார்.

அப்புறம் அந்தக் கடைசி அம்பு. “நீ நேர்ஸ் என்டதால அந்த நேர்ஸ் பிள்ளையப் பிடிச்சிருக்கு, அதுக்கு மேல ஒண்டுமில்ல புள்ள.” வரதா சேது. கேரளத்தில் பிறந்த பிள்ளை, தொடரில் கட்வாவோடு லண்டன் நேர்ஸாக வருகிறது. ஓம், பிடித்தது! நேர்ஸ் என்பதால்தான் பிடித்தது! டொக்டர் தன் பெட்டியைக் காட்டிப் பெருமையடிக்க, அவள் வாயைப் பிளக்காமல் “என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடு” என்று கேட்டுக்கொண்டே இருந்தாளே, அந்தக் குரல் இரவு வாட்டில் நின்ற ஒருத்தியின் குரல். நீங்கள் டெனன்ட்டின் கோட்டைப் போல ஒன்று தைப்பித்து மட்டக்களப்பு வெயிலில் போட்டுக்கொண்டு திரிந்தது ரசனை, எனக்குப் பிடித்தது மட்டும் இனப்பாசமா?

நாட்டில் எவ்வளவு பிரச்சினை, வெள்ளைக்காரன் நாடகத்துக்கு இவ்வளவு நீளப் பதிவா என்று கேட்கிறவர்களுக்கு: ஓம். அடுத்தது.

பாசம் இல்லை என்றாரே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

2008இல் லண்டன் மச்சான் விட்டுப்போன டிவிடிப் பெட்டியில்தான் எனக்கு இந்தத் தொடர் வந்தது. ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன், ஒன்பதாவது டொக்டர். தோல் ஜக்கெட், பெரிய காது, சிரித்துக்கொண்டே திடீரென்று முகம் இருண்டு போகிற மனிசன். தன் சனம் முழுக்க அழிந்து தான் மட்டும் மிஞ்சினவர். ஒரு கதையில் ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் குழந்தை மாதிரிச் சந்தோசத்தில் கத்துவார். அந்த இடத்தை நான் எத்தனை தரம் திருப்பிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியின் பின்னால் திகதி இருந்தது. முதல் பகுதி ஒளிபரப்பானது 2005 மார்ச் 26. சுனாமி அடித்துச் சரியாக மூன்று மாதம். அந்த நாளில் நாங்கள் முகாமில் இருந்தோம், அம்மா இல்லை.

பதின்மூன்று பகுதி. பதின்மூன்றாவதில் அந்த மனிசன் வெளிச்சமாகி எரிந்து, அந்த இடத்தில் வேறொருவன் நின்று, புதுப் பல்லாம், அதைப் பற்றிப் பேசுகிறான். லப்டொப்பைப் படாரென்று மூடினேன். மூன்று மாதம் திறக்கவில்லை. “இவன் டொக்டர் இல்லை” என்று நானும் சொன்னவள்தான் அண்ணா. உங்கள் டெனன்ட்டைப் பற்றி, நான், அந்தச் சொல்லையே சொன்னேன். தெரியுமா உங்களுக்கு?

பிறகு ஒரு இரவு கரண்ட் போகுமுன் அடுத்த பகுதியைப் போட்டேன். கிறிஸ்மஸ் விசேடம். புது ஆள் பாதி நேரம் பிஜாமாவோடு படுத்துக் கிடக்கிறார், எழும்பவே இல்லை. டொக்டரோடு திரிகிற ரோஸ் அழுகிறாள். தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார், இது அவர் இல்லை என்று. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னம்மா பிளேன்டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனா. எப்போதும் அப்படித்தான் வைப்பா, சத்தம் கேட்காமல்.

அம்மாவின் தங்கச்சி. சுனாமி முடிந்து அடுத்த வருடம் அப்பா அவவைக் கட்டினார். ஊரில் யாருக்கும் அது புதினம் இல்லை. தம்பிக்கு அப்போது மூன்று வயது, அவன் ஒரு கிழமையில் அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். கூப்பிட்ட அன்று அடுப்படிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அவன் கையைக் கிள்ளினேன், நல்லாக் கன்றிப்போகும்படி. அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. சின்னம்மா கண்டா. ஒன்றும் கேட்கவில்லை, அவனுடைய கைக்கு எண்ணெய் தடவினா. எனக்கு இன்றைக்கும் அவ சின்னம்மாதான், வாய் வராது. தம்பிக்கு அம்மா. அம்மாவின் படத்துக்கு ஆண்டுதோறும் முதல் விளக்கு வைக்கிறவனும் அவன்தான்.

அவனுக்குப் பாசம் இல்லையா? சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் போடுங்கள், பதினெட்டுப் பேர் இதயம் போடட்டும்.

நான் எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. அழிக்கப் போவதில்லை.

2025 மே மாதக் கடைசியில் கட்வாவும் போய், அந்த வெளிச்சத்தில் இருந்து பில்லி பைப்பர் வந்து நிற்கிறா. அழுத அதே ரோஸ். அவதான் டொக்டரா என்று அப்போது அவர்களே சொல்லவில்லை. அண்ணன் அதற்கும் இப்போதே ஒரு பதிவு தயாரித்து வைத்திருப்பார். வைத்திருக்கட்டும். மறுபடி பார்க்கக் கூடும்போது எனக்குச் சொல்லுங்கள், வருவேன். அவர் வந்தாலும் வருவேன், முன் வரிசையில் இருப்பேன்.

இன்னொரு விடயம். நான் பாதியில் எழும்பி வந்ததில் கொழுக்கட்டை கொண்டுவந்த ஏனம் அங்கேயே நின்றுவிட்டது. மூடி நீலம், ஒரு பக்கம் வெடிப்பு. அண்ணன் மூன்று கொழுக்கட்டை சாப்பிட்டார், நான் எண்ணினேன். கழுவி, யாராவது கல்முனைப் பக்கம் வரும்போது கொடுத்து விடுங்கள். சின்னம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டா.