ஊர்க்காட்டில் ஊருக்கு என்ன பங்கு?

கடந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள் காலை, புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்க்கப் போனேன். மடையடியில்கூடக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் இல்லை. வரத்துக்கால் வழியாகவே மேட்டுக்கு நடந்து தைலமரக் காட்டுக்குள் ஏறியபோதுதான் மழை எங்கே போனது என்று தெரிந்தது. மரவரிசைகளுக்கிடையே இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டப்பட்டிருந்த குழிகளில் செம்மண் தண்ணீர் தளும்பி நின்றது. தோண்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கமாக வரப்புப் போட்டிருந்ததால் அந்தத் தண்ணீர் கீழே இறங்க வழியே இல்லை.

வற்றாத ஆறு இல்லாத எங்கள் மாவட்டத்தில் கண்மாய் என்பது மேட்டுக்காட்டில் விழுந்து ஓடிவரும் மழைதான். அந்த மேட்டில் ஒரு காலத்தில் வீரையும் உலக்கைப்பாலையும் காசாவும் நின்றன என்றும், காரைப்பழமும் சூரைப்பழமும் மடிநிறையப் பறித்து வந்ததாகவும், ஆட்டுமந்தையோடு ஊர்ஊராக வரும் கீதாரிகள் கிடைபோட வருவதற்கு முன் அங்கேதான் ஆடுகளை மேயவிட்டதாகவும் என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு அவையெல்லாம் அழிக்கப்பட்டு, காகித ஆலைக்குக் கூழ்மரம் வேண்டுமென்று தைலமரம் நடப்பட்டது. நிலம் அரசு ஆவணத்தில் அன்றும் காடு, இன்றும் காடு. ஆட்டுக்குத் தழையும் கண்மாய்க்குத் தண்ணீரும் தராத ஒன்றை ஊரார் காடு என்று சொல்வதில்லை. 'தோட்டம்' என்றே சொல்கிறார்கள்.

இந்தத் தோட்டத்தில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றே பதில் வரும். குழி எடுக்க, கன்று நட, மரம் வெட்ட, பட்டை உரிக்க, லாரியில் ஏற்ற எங்கள் ஊர் ஆட்கள்தான் போகிறார்கள். ஆனால் ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும்போது சில வாரங்கள் வேலை கிடைக்கும். அடிக்கட்டை மறுபடி தானே தழைத்துவிடுவதால் நடவு வேலையும் ஒவ்வொரு முறையும் இருக்காது. பட்டை உரித்துவிட்டு மாலையில் திரும்பும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் உள்ளங்கையில் தைலவாடையோடு பிசின் கறுத்து ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. எந்த மரத்தை எங்கே நடுவது, குழியை எந்தப் பக்கம் வெட்டுவது என்று அவரை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கூலி கொடுப்பதைப் பங்கேற்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு, 1990இல் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து காட்டைப் பராமரிக்கும் கூட்டு வன மேலாண்மை வந்தது. 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. சில ஊர்களில் அதனால் நன்மையும் கிடைத்தது. ஆயினும் நிலமும் திட்டமும் வனத்துறையின் கையிலேயே இருந்தன; நிதி நின்றதும் பல குழுக்கள் பெயரளவில் மட்டுமே மிஞ்சின.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அடிப்படையில் வேறானது. ஊர் வழிவழியாகப் பயன்படுத்திவந்த காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும், அதில் ஆடுமாடு மேய்க்கவும் ஊருக்கே உரிமை உண்டு என்று அது சொல்கிறது. உரிமைகோரலைக் கிராமசபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இவ்வுரிமையைப் பெற்று, 2011 முதல் மூங்கிலைத் தானே வெட்டி விற்கிறது. தமிழ்நாட்டிலோ உரிமைப் பத்திரம் வழங்குவதற்கு 2008இல் நீதிமன்றத்தில் விழுந்த முடிச்சு 2016இல்தான் அவிழ்ந்தது. அதன் பின்னரும் இச்சட்டம் மலைவாழ் பழங்குடியினருக்கு மட்டுமானது என்ற எண்ணமே சமவெளியில் நிலவுகிறது. பழங்குடியல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அக்காட்டை நம்பி வாழ்ந்ததை நிறுவ வேண்டும். நிபந்தனை கடினமானதுதான், ஆனால் கதவு மூடப்படவில்லை.

மூங்கில் அச்சட்டத்தில் சிறுவன மகசூல், அதாவது ஊரே சேகரித்து விற்கக்கூடிய காட்டு விளைபொருள். தைலமரத் தடி அப்படியல்ல. ஆகவே உரிமைப் பத்திரம் கிடைத்தாலும் மரம் விற்ற காசு ஊருக்குத் தானாக வந்துவிடாது என்பதை இப்போதே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். எங்களுக்கு முதலில் வேண்டியது காசும் அல்ல; மேட்டில் எது நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை. தன் பட்டா நிலத்தில் தைலமரம் வைக்கும் சம்சாரியோடு எனக்குச் சண்டையில்லை, காகிதம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கண்மாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் குழிகளைத் தூர்த்து, அடுத்த வெட்டோடு தைலமரத்தை வேரோடு அகற்றி, வீரையும் பாலையும் நட வேண்டும். அந்த வேலை பட்டை உரிப்பவர்களுக்கே முதலில் போக வேண்டும். மற்ற பகுதியில் மரம் நிற்கட்டும் என்றால், விற்பனையில் ஊருக்கு இத்தனை பங்கு என்று கிராமசபையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.

வருகிற அக்டோபர் 2 கிராமசபையில், உரிமைகோரல்களைப் பெற்றுச் சரிபார்க்கும் வன உரிமைக் குழு அமைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவர இருக்கிறோம். உரிமைகோரலைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப்பேரும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் வேண்டும் என்பதால், வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அதற்கும் இப்போதே விடுப்புக்கு வழி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மேட்டில் ஆடு மேய்த்தவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய வாக்குமூலத்தை இந்த மாதமே எழுதி வாங்கத் தொடங்குகிறோம்.