லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டின் பேரைப் பெரிதாகப் போடுகிறீர்களே, வாட்டை எங்கே ஒளித்தீர்கள்?

"தம்பி, இதைக் கழட்டு. குமட்டுது."

போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம். வேலூர் சத்துவாச்சாரியில் மாடியில் இருக்கும் என் சின்ன ஆபீஸில், ஆற்காட்டிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னது இது. வாழ்நாள் சேமிப்பில் வீடு கட்டுகிறார். காகிதத்தில் பிளானைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை என்றார். "வாங்க சார், வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்துடலாம்" என்று நான்தான் கூப்பிட்டேன். மனுஷர் சந்தோஷத்தில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்கு முன்னால் திரை வைத்து, வீட்டுக்குள்ளேயே நிற்பது மாதிரி காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டி ஐந்து நிமிடம் ஆகவில்லை, முகம் வெளிறி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சமையலறை ஜன்னல் கம்பியெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி நெளிகிறதாம். சோடா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

ஹெட்செட் மேல் தப்பே இல்லை. லேப்டாப்பை எனக்கு விற்ற விதத்தில்தான் தப்பு.

18 மாத இஎம்ஐ போட்டு வாங்கினேன். ஸ்டிக்கரில் ஆர்டிஎக்ஸ் 3060 என்று கிராபிக்ஸ் கார்டின், அதாவது படம் வரையும் பாகத்தின், பேர் மின்னியது. விஆர் மென்பொருளின் தேவைப் பட்டியலிலும் அந்தப் பேர் இருந்தது. சரி, பொருந்துகிறது என்று நம்பினேன். டெஸ்க்டாப்பில் வந்த 3060 கார்டு 170 வாட் மின்சாரம் எடுக்கும், 12 ஜிபி மெமரி. வாட் குறைந்தால் வேகமும் குறையும். லேப்டாப்பில் அதே பேரில் வருவதற்கு 6 ஜிபிதான். வாட்டோ, 60 முதல் 115 வரை லேப்டாப் செய்கிறவர் வைத்ததுதான் சட்டம். என்னுடையது 65. அதுவும் வாங்கிய பிறகு ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெட்டியில் இல்லை, ஸ்டிக்கரில் இல்லை, கடையில் தொங்கிய அட்டையிலும் இல்லை. ஒரு கிலோ என்று பொறித்த கல்லை வைத்து அறுநூறு கிராம் நிறுத்தால் நம் லாங்கு பஜாரில் சும்மா விடுவார்களா? தராசையே பிடுங்கிவிட மாட்டார்களா?

சாதாரண திரையில் நொடிக்கு 40 பிரேம், அதாவது 40 படம், வந்தால் கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான். பொறுத்துக்கொள்ளலாம். விஆரில் உடம்பு பொறுக்காது. குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 1832 x 1920 பிக்சல். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம். ஃபுல் ஹெச்டி திரையில் மொத்தமே 20 லட்சம்தான். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படமாக, ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் 11 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். முடியாதபோது என்ன நடக்கிறது? கார்டு பாதிப் படங்களை, 45-ஐ மட்டும் வரைகிறது. நடுவில் இருப்பதை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம் கம்பி, தூண், கதவு விளிம்பு என்று வரும்போது பிசகுகிறது. சார் பார்த்த நெளிசல் அதுதான். அதோடு தலை திரும்பிவிட்டது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும்போது, கண்முன் படம் பின்தங்கி வந்தால் குமட்டாமல் என்ன செய்யும்?

இதில் நம்ம ஊர் வெயில் வேறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறையே 38 டிகிரியில் கொதிக்கிறது. அந்தக் காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் இழுத்து உள்ளே விடுகிறது. சூடு எல்லையைத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இருந்த 65-உம் போச்சு. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் இன்னும் மோசம், ஹெட்செட்டைக் கழட்டிவிட வேண்டியதுதான்.

செட்டிங்கைக் குறையேன் என்கிறார்கள். குறைத்துப் பார்க்காமலா இருப்பேன்? சோபாவை எடுத்தேன், செடியை எடுத்தேன், திரைச்சீலையை எடுத்தேன். ரெசல்யூஷனையும் இறக்கினேன். டைல்ஸ் எது, சிமெண்ட் தரை எது என்று தெரியாத அளவுக்கு மங்கிப்போனது. அந்த டைல்ஸைப் பார்க்கத்தானே அவர் ஆற்காட்டிலிருந்து வந்தார்! அப்புறம், டெஸ்க்டாப் வாங்கு என்கிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று சைட் சைட்டாக அலைகிறவன் நான். பைக்கில் சிபியுவைக் கட்டிக்கொண்டு போகவா?

தேவைப் பட்டியலில் போடும் அந்த 'மினிமம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. 2016-இல் முதல் ரிஃப்ட் ஹெட்செட் வந்தபோது ஒரு கண்ணுக்கு 1080 x 1200. 2023-இல் வந்த குவெஸ்ட் 3-இல் 2064 x 2208. ஏழு வருடத்தில் பிக்சல் மூன்றரை மடங்கு ஏறிவிட்டது. பட்டியலில் இன்னும் வெறும் கார்டு பேர்தான். எத்தனை வாட்டில், எத்தனை பிரேம் நிற்கும் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? படம் வருவது வேறு, மனிதன் அதற்குள் பத்து நிமிடம் நிற்க முடிவது வேறு.

போன வாரம் வேறு லேப்டாப் பார்க்க ஒரு கடைக்குப் போனேன். "4060 சார், எல்லாமே ஓடும்" என்றார் விற்பனைப் பையன். லேப்டாப்பில் அந்தக் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். "இதுல கார்டு எத்தனை வாட் தம்பி?" என்றேன். பெட்டியைத் திறந்து சார்ஜரைத் திருப்பிப் படித்தார். "180 வாட் சார்." அது மொத்த லேப்டாப்புக்கும் சேர்த்த சார்ஜர் கணக்கு, கார்டுக்கானது இல்லை. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

தலைமையாசிரியர் காகித பிளானிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. சமையல் மேடை தனக்கு எட்டுமா என்று அவர் மனைவி நேற்றும் போன் செய்து கேட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கண்ணால் காட்டியிருக்க வேண்டியதை, முழக்கணக்கில் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.