‘வேறுபாடு இல்லை’ என்று எழுதும் முன்

போன வாரம் ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேடு படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது. பதற்றத்துக்கான ஆலோசனையைத் தொலைபேசியில் பெற்றவர்கள் 20 பேர், நேரில் பெற்றவர்கள் 20 பேர். எட்டு வாரம் கழித்து எல்லோருக்கும் பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 வினாத்தாள்; புள்ளி கூடினால் பதற்றமும் கூடுதல் என்று பொருள். நேரில் பெற்றவர்களின் சராசரி 8.2, தொலைபேசியில் பெற்றவர்களின் சராசரி 9.7. திட்ட விலக்கம், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, இரண்டு பக்கமும் 5. உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.35. அடுத்த வரியிலேயே முடிவு: “இரண்டு முறைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. எனவே தொலைபேசி ஆலோசனை நேரடி ஆலோசனைக்கு இணையானது.”

அந்த ‘எனவே’ மேல் பென்சிலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மாணவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் ஆய்வேட்டில் நானும் இதே வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். வழிகாட்டியும் தேர்வாளரும் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டினால், வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல இந்தத் தரவு போதவில்லை என்று பொருள். அவ்வளவுதான். வேறுபாடு இல்லை என்று அது சொல்லவே இல்லை. புள்ளியியலாளர்கள் ஆல்ட்மனும் பிளாண்டும் 1995-லேயே மருத்துவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். உளவியலில் 1993-லேயே ராஜர்ஸ் குழுவினர் சமானச் சோதனையை, அதாவது இரண்டு முறைகள் இணையா என்று நேரடியாகச் சோதிக்கும் முறையை, அறிமுகப்படுத்தி எழுதினார்கள். இருந்தும் இன்றுவரை பெரும்பாலான வகுப்புகளில் அது பாடமாக வருவதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மருந்துத் துறையில் இது அன்றாட வேலை. ஒரு ஜெனரிக் மருந்து மூல மருந்துக்கு இணையானது என்று காட்ட, ரத்தத்தில் சேரும் அளவுகளின் விகிதத்துக்கு 90 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, கணக்கிடுவார்கள். அது முழுவதும் 80-க்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே இருக்க வேண்டும். “வேறுபாடு தெரியவில்லை, ஆகவே இணை” என்று பத்துப் பேரிடம் சோதித்த மருந்தை யாராவது கொண்டு வந்தால் ஏற்பார்களா? மனம் சம்பந்தப்பட்ட சிகிச்சை என்றால் மட்டும் நாம் ஏன் ஏற்கிறோம்?

சரி, மாணவியின் தரவுக்கே வருவோம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எத்தனை புள்ளி வித்தியாசம் வரை நாம் பொருட்படுத்த மாட்டோம்? ஜிஏடி-7 மொத்தம் 21 புள்ளி. 5, 10, 15 என்று ஐந்தைந்து புள்ளிக்குப் பதற்றத்தின் தீவிரம் ஒரு படி கூடுகிறது. அதில் பாதிப் படிக்கும் குறைவாக, 2 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு பேர் நம்மோடு வாதிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், “தொலைபேசி 2 புள்ளியோ அதற்கு மேலோ மோசம்” என்கிறார். மற்றவர், “தொலைபேசி 2 புள்ளியோ அதற்கு மேலோ சிறந்தது” என்கிறார். இருவரையும் தனித்தனியே 5 சதவீத அளவில் மறுக்க முடிந்தால்தான் ‘இணை’ என்று சொல்லலாம். 1987-இல் ஷூயர்மன் விளக்கிய, டோஸ்ட் (இரண்டு ஒருபக்கச் சோதனைகள்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோதனை இதுதான். 90 சதவீத நம்பிக்கை இடைவெளி முழுவதும் −2-க்கும் +2-க்கும் இடையே அடங்குகிறதா என்று பார்த்தாலும் அதே விடைதான் வரும்.

கணக்குப் போட்டேன். தொலைபேசிச் சராசரியிலிருந்து நேரடிச் சராசரியைக் கழித்தால் வித்தியாசம் 1.5, அதன் 90 சதவீத இடைவெளி −1.2-இலிருந்து 4.2 வரை. அதாவது தொலைபேசி ஆலோசனை கொஞ்சம் மேலாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட ஒரு முழுப் படி மோசமாகவும் இருக்கலாம். இரண்டையும் இந்தத் தரவு மறுக்கவில்லை. இதை ‘இணை’ என்று நம்பி ஒருவரைத் தொலைபேசிக்கு மாற்றினால், அந்த 4 புள்ளியைச் சுமக்கப்போவது அவர்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இரண்டு சராசரிகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே வந்திருந்தாலும், 20 பேர் வீதம் இருக்கும்போது இடைவெளி −2.7-இலிருந்து 2.7 வரை விரியும். ஆகவே இந்த ஆய்வால் எந்த நிலையிலும் ‘இணை’ என்று நிறுவியிருக்க முடியாது. தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே அது முடிவாகிவிட்டது. உண்மையில் வேறுபாடே இல்லை என்றாலும், அதை 80 சதவீத வாய்ப்போடு காட்டக் குழுவுக்கு ஏறத்தாழ 110 பேர் வேண்டும்.

பெரிய ஆய்வாக இருந்தால் இதே சோதனை எவ்வளவு உதவும் என்பதற்கு ஈகோ டிப்ளீஷன் நல்ல உதாரணம். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்து அது. 2010-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு விளைவின் அளவை, திட்ட விலக்கத்தை அலகாகக் கொண்டு, 0.62 என்றது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2141 பேரிடம் ஒரே சோதனையை நடத்தியபோது கிடைத்தது 0.04, அதன் 95 சதவீத இடைவெளி −0.07 முதல் 0.15 வரை. இங்கே “எதுவும் கிடைக்கவில்லை” என்று கையை விரிக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனை முறையில் 0.2 அளவு விளைவுகூட இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இது ஒரு கண்டுபிடிப்பு. ‘தோல்வியடைந்த ஆய்வு’ என்று அலமாரியில் போட வேண்டிய விஷயம் இல்லை.

“அந்த எல்லையை யார் முடிவு செய்வது? அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வார்களே” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம்தான். தரவைப் பார்த்த பிறகு எல்லையை 2-இலிருந்து 5-க்கு நகர்த்துகிறவர்கள் இருப்பார்கள். அதனால்தான் எல்லையையும் அதற்கான காரணத்தையும் முன்பதிவிலேயே, அதாவது தரவு சேகரிக்கும் முன் பதிந்துவைக்கும் ஆய்வுத் திட்டத்திலேயே, எழுதச் சொல்கிறார்கள். ஆனால் எல்லையே வைக்காமல் விடுவது இதற்குத் தீர்வு ஆகாது. 2 புள்ளி ஒரு மனிதரின் தூக்கத்திலும் வேலையிலும் என்ன மாற்றம் செய்யும் என்பது உளவியலாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மென்பொருள் அதைச் சொல்லாது. உளவியலாளர் லேக்கன்ஸ் இந்தச் சோதனை பற்றி 2017-இல் எழுதிய எளிய அறிமுகத்துக்குப் பிறகு கணக்கிடும் வேலை சுலபமாகிவிட்டது. ஜமோவி, ஜாஸ்ப் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. கடினமான பகுதி அந்த ஒற்றை எண்ணைக் காரணத்தோடு சொல்வதுதான். நாம் தவிர்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவியிடம் இதையெல்லாம் பேசினேன். “அப்போ என் ஆய்வு வீணா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த 40 பேரின் தரவை அடுத்து வருகிறவர் தன் தரவோடு சேர்த்துக்கொள்ளலாம், இடைவெளியை மறைக்காமல் எழுதினால். அப்புறம் இரண்டு நாள் கழித்துத் திருத்திய பக்கத்தை அனுப்பினார். ‘எனவே’ போய்விட்டது. அந்த இடத்தில் இப்படி இருந்தது: “வேறுபாடு −1.2-க்கும் 4.2-க்கும் இடையே இருக்கலாம். இரண்டு முறைகளும் இணையானவை என்றோ இணையற்றவை என்றோ சொல்ல இந்தத் தரவு போதாது.”