ராத்திரி ஒரு மணிக்கு உங்க துப்பாக்கி எங்கே இருக்கும்?

தோட்டத்துல தனியா இருக்கற பெரியவங்களைக் கொல்றாங்களே, என்ன பண்றதுன்னு ஞாயித்துக்கிழமை போட்ட கூட்டத்துல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுத்திக்கிட்டிருக்குது. "சாளைக்கு (தோட்டத்து ஊட்டுக்கு) ஒரு துப்பாக்கி குடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்"னு மேடையில ஒருத்தர் சொன்னதும் அப்படி ஒரு கைதட்டல். அதுல சில சிக்கல் இருக்குதுங்கன்னு எந்திரிச்சுச் சொன்னதுக்கு எனக்குக் கெடைச்ச பட்டம் பயந்தாங்கொள்ளி. சரிங்க, அப்படியே இருந்துட்டுப் போறேன். ஆனா கைதட்டினவங்கள்ல எத்தனை பேரு 12 போர்ங்கற நீளத் துப்பாக்கியை மடக்கித் தோட்டா போட்டிருக்கீங்க?

கோபம் எனக்கும் இருக்குது. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல ஒரே ஊட்டுல மூணு பேரைக் கொன்னாங்க. அஞ்சு மாசம் கழிச்சு சிவகிரிப் பக்கம் வயசான புருசன் பொண்டாட்டியைக் கொன்னாங்க. அதுக்கப்புறம் தோட்டத்துல தனியா இருக்கற எந்தப் பெரியவங்களும் நிம்மதியாத் தூங்கலை. அதனாலதான் சொல்றேன், துப்பாக்கி அவங்களைக் காப்பாத்தாது.

ஏன்னு மெதுவா யோசிச்சுப் பாருங்க. மணி ஒண்ணு. நாய் குரைக்குது. கட்டுத்தாரையில மாடு அவுத்துக்கிச்சோன்னு பெரியவர் டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கதவைத் தொறப்பாரு. வந்தவன் கதவை ஒடைக்கவே வேண்டியதில்லை, சுவத்தோட ஒட்டி நின்னாப் போதும். இப்ப இவருகிட்ட லைசென்ஸ் வாங்கின ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்குதுன்னே வெச்சுக்கலாம். அது எங்கே இருக்கும்? ஒழுங்கா வெச்சிருந்தா பூட்டின பொட்டிக்குள்ள, தோட்டா இல்லாம. தோட்டா வேற எடத்துல. கண்ணாடியைத் தேடணும், சாவியைத் தேடணும். மேல இருக்கற நெம்பியை வலதுபக்கம் தள்ளிக் குழலை மடக்கி, ரெண்டு தோட்டாவை எறக்கி, மூடணும். பல ரெட்டைக்குழல்ல நெம்பியைத் தள்ளித் தொறக்கறப்பவே சேஃப்டி தானாப் பூட்டிக்கும், அதைக் கட்டை விரல்ல முன்னால தள்ளணும். பதட்டத்துல இதை மறந்துட்டு விசையை இழுத்து இழுத்துப் பாக்கறதுதான் சகஜம். எல்லாம் முடிஞ்சுது, டார்ச்சை எந்தக் கையில புடிப்பாரு? மூணு கிலோவுக்கு மேல கனம், கிட்டத்தட்ட நாலடி நீளம், ரெண்டு கையும் வேணும். கதவைத் தாண்டறப்ப ஆளுக்கு முன்னால குழல்தான் வெளியில போகும். ஓரமா நிக்கறவன் அதைப் புடிச்சு ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது.

"சின்னச் சின்ன ஈயக்குண்டு அடைச்ச சல்லித் தோட்டா பரவும், குறி பாக்கவே தேவையில்லை"ங்கறாரு ஒருத்தர். பத்தடி தூரத்துல அது ஒரு கையளவு கூடப் பரவாதுங்க. ஊட்டுக்குள்ள சுட்டா அது கிட்டத்தட்ட ஒரே குண்டுதான். தவறினா அந்தப் பக்கம் நிக்கற அம்மிணி மேலதான் படும்.

அமெரிக்காவுல டூலர்ங்கற போலீஸ் பயிற்சியாளர் 1983லயே கணக்குப் போட்டு எழுதிட்டாரு: கத்தியோட ஓடி வர்றவன் 21 அடியை ஒன்றரை விநாடியில தாண்டிருவான், துப்பாக்கியை உருவிச் சுடறதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். அது இடுப்புல கைத்துப்பாக்கி வெச்சிருக்கற, பயிற்சி எடுத்த போலீசுக்குச் சொன்ன கணக்கு. நம்ம சாளை வாசலே அவ்வளவுதான் இருக்கும். எழுபது வயசுல மூட்டுவலியோட பீரோச் சாவி தேடறவருக்கு என்ன கணக்குன்னு மேடையில பேசினவர்தான் சொல்லணும்.

அமெரிக்கான்னு சொன்னதும் ஒரு மாப்ளை தாவி வந்தாரு, "அங்க பொதுமக்களே சுட்டுத் தடுக்கறாங்க, தெரியுமா?" தெரியும் மாப்ளே. 2022ல இண்டியானாவுல ஒரு வணிக வளாகத்துல சுட ஆரம்பிச்சவனை 22 வயசுப் பையன் ஒருத்தன் 15 விநாடியில சுட்டு வீழ்த்தினான். கெட்டிக்காரன்தான், மறுக்கலை. அதுக்கு முந்தின வருசம் கொலராடோவுல அதே மாதிரி ஒருத்தர் கொலைகாரனைச் சுட்டாரு. அடுத்து வந்த போலீசு, கையில துப்பாக்கியோட நின்ன அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2000 தொடங்கி 2013 வரைக்கும் இப்படிப்பட்ட 160 சம்பவங்களைப் பாத்தாங்க. போலீசு இல்லாத ஆளு திருப்பிச் சுட்டு முடிஞ்சது அஞ்சு. அதுலயும் நாலு பேரு செக்யூரிட்டி. வெறுங்கையோட மடக்கினது 21. துப்பாக்கி மலிஞ்சு கெடக்கற நாட்டோட கணக்கு இது.

"சட்டம் நம்ம பக்கம் இல்லை, அதான் திருடனுக்குத் தைரியம்"ங்கறாங்க. தப்பு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 34லிருந்து 44 வரைக்கும் தற்காப்புதான் இருக்குது. பொழுது உழுந்ததுக்கப்புறம் ஊட்டை ஒடைச்சு வர்றவனைத் தடுக்கறப்ப அவன் உசுரு போனாலும் 41வது பிரிவு உங்களுக்குத் துணை நிக்கும். அதே சமயம் தேவைக்கு மேல சேதம் பண்ணக்கூடாதுன்னு 37வது பிரிவு சொல்லுது. இட்டேரியில (வேலிக்கு நடுவுல போற வழியில) ஓடறவனை முதுகுல சுட்டுட்டுத் தற்காப்புன்னு கோர்ட்டுல நிரூபிக்கறது லேசுப்பட்ட காரியமில்லை.

போலீசுக்கு ஜால்ரா போடறேன்னு ஒருத்தர் சொல்றாரு. அதுக்குப் பதில் கிடையாது.

லைசென்ஸ் பத்தியும் கொஞ்சம். ஆயுதச் சட்டம் 1959லயே, பாதுகாப்புக்குக் குறைஞ்சது 20 இஞ்சு நீளத்துல, உள்பக்கம் வழவழன்னு இருக்கற குழல் வெச்ச துப்பாக்கிக்கு வழி இருக்குது. கலெக்டர்கிட்ட, மாநகரம்னா கமிஷனர்கிட்ட மனு, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிப்பு. வாங்கினாச்சுன்னே வெச்சுக்குங்க. தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. 2024ல மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. 80 நாளுங்க. அந்த 80 நாளும் திருடன் லீவு போட்டுருவானா?

பக்கத்துத் தோட்டத்து அப்பாரு ஒருத்தர்கிட்ட ஒத்தைக்குழல் இருக்குது. மழைக்காலம் முடிஞ்சு எடுத்துப் பாத்தா காகிதத் தோட்டா ஊதிப்போயி அறைக்குள்ள பாதிதான் எறங்குது. அதைக் கல்லுல தேய்ச்சு உள்ள தள்ளப் பாத்தாரு மனுசன். அவரு மருமகன் பாத்துப் புடுங்கலைன்னா என்ன ஆயிருக்கும்? இன்னும் சில பேரு 65 மில்லிமீட்டர் அறை இருக்கற பழைய துப்பாக்கியில 70 மில்லிமீட்டர் தோட்டா போடறாங்க. உள்ள போகும். வெடிக்கறப்ப தோட்டாவோட வாய் விரிய எடமில்லாம அழுத்தம் எகிறும். அப்புறம் குழலுக்கும் கைக்கும் யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. ஏர்கன் வாங்கி வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு அதை நம்பி ஆளுக்கு முன்னால போய் நிக்காதீங்க.

"அப்ப என்னதான் பண்றது, சாகறதா?" இதைக் கேட்டவங்களுக்கு மட்டும் நின்னு பதில் சொல்றேன். கதவைத் தொறக்காதீங்க. மாடு போனாப் போவுது. கடப்பாரை, மம்முட்டி, அருவாளைக் கட்டுத்தாரையில சாத்தி வெச்சிருக்கறீங்களே, வர்றவனுக்கு ஆயுதம் சப்ளை பண்றதே நாமதான். அதை உள்ள வெச்சுப் பூட்டுங்க. தாழ்ப்பாள் ஸ்குரூவைக் கழட்டிப் பாருங்க, முக்கா இஞ்சுதான் இருக்கும், ஒரு நெம்புல பேந்துட்டு வரும். உள்பக்கம் ரெண்டு கொண்டி அடிச்சுக் குறுக்க ஒரு கட்டை போடுங்க. ஆசாரத்துக்கு (முன்கூடத்துக்கு) 12 எம்எம் கம்பியில கிரில், பூட்டும் கீலும் உள்பக்கம். ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில இருக்கற தகரக் கதவைத்தான் அவன் முதல்ல பாப்பான், அதை மாத்துங்க. மீட்டர் பொட்டி வெளித்திண்ணையில இருந்தா பியூஸைப் புடுங்கிருவான். அதனால சைரனும் நாலு பக்க லைட்டும் பேட்டரியில ஓடணும், சுவிட்சு கட்டில் தலைமாட்டுல இருக்கணும். சைரன் கேட்டா அக்கம்பக்கத்து நாலு சாளையும் லைட்டைப் போட்டுத் திருப்பிச் சைரன் அடிக்கணும், 112க்குக் கூப்பிடணும். ஒத்தையாளா ஓடி வரக்கூடாது. நாலு கிண்ணிக்கோழி வளத்துங்க, நாய்க்கு மருந்து வெச்சாலும் அதுக கத்தும்.

இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனா கைதட்டல் கெடைக்காது, பாருங்க.

கேட்டா கசக்கும், இருந்தாலும் கேக்கறேன். கழுத்துக் கொடியைக் கழட்டி லாக்கர்ல வைன்னு ஆத்தாகிட்டச் சொல்ல நமக்கு வாய் வராது, சரி. ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன்? திருப்பூர்ல கம்பெனி, கோயமுத்தூர்ல அபார்ட்மெண்டு, நோம்பிக்கு மட்டும் ஒரம்பரை மாதிரி விருந்துக்கு வந்துட்டுப் போற மகனுகதான் மேடைக்கு முன்னால உக்காந்து கைதட்டினது. அதுல ஒருத்தரோட சாளையை எனக்குத் தெரியும். கார் நிறுத்தப் போன வருசம் செட்டு போட்டாச்சு. கக்கூஸ் இன்னும் பொடக்காளிக்கு அந்தாண்ட, இருபது அடி தள்ளி, லைட்டில்லாத வேப்பமரத்தடியில இருக்குது. அந்தம்மா ராத்திரி ரெண்டு தடவை கதவைத் தொறந்து அங்கதான் போயிட்டு வருது.