கிரேக்கக் கிண்ணத்தில் உள்ளூர் பீர்

மீன் குழம்பு வைத்த மண்சட்டியை எத்தனை தரம் தேய்த்துக் கழுவினாலும் வாசம் போகாது. அதனால்தான் எங்கள் வீட்டில் மீனுக்கென்று தனிச் சட்டி. மண்ணின் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் கொழுப்பும் ஊறிப்போய்விடுகின்றன. அப்படி ஊறியதில் கொஞ்சம் 2,500 ஆண்டு கழித்தும் ஓட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததிலிருந்து என் மனசு அங்கேயே நிற்கிறது.

ஐரோப்பாவின் பண்டைய கெல்ட் மக்கள் தங்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் வெளியாட்கள். கி.மு. முதல் நூற்றாண்டுக் கிரேக்கரான டியோடோரஸ், இவர்கள் தண்ணீர் கலக்காமல் ஒயின் குடித்து மதிகெட்டுக் கிடப்பார்கள், ஒரு ஜாடி ஒயினுக்கு ஓர் அடிமையையே கொடுத்துவிடுவார்கள் என்று எழுதினார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. போதாததற்கு 1953இல் பிரான்சின் விக்ஸ் என்ற ஊரில், உயர்குடிப் பெண் ஒருவரின் கல்லறையில் கிரேக்க வேலைப்பாடு கொண்ட பிரம்மாண்டமான வெண்கல மதுப் பாத்திரம் கிடைத்தது. உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு சுமார் 1,100 லிட்டர். கெல்ட் தலைவர்கள் கிரேக்கர்களைப் பார்த்து ஒயின் குடிக்கப் பழகினார்கள் என்ற கதை அப்புறம் இன்னும் உறுதியாகிவிட்டது.

இந்தக் கதை எனக்கு எப்போதுமே உறுத்தும். பாத்திரம் கிரேக்கத்திலிருந்து வந்தால் பழக்கமும் அங்கிருந்துதான் வர வேண்டுமா?

2019இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. விக்ஸை ஒட்டிய மோன் லாசுவா குன்றில் கிடைத்த 99 மண்பாண்டங்களையும், ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையில் உள்ள ஹொய்னேபுர்க் கோட்டைக் குடியிருப்பின் 133 மண்பாண்டங்களையும் சோதித்தார்கள். ஓட்டின் உட்பக்கத்தைத் துளையிட்டுக் கொஞ்சம் தூள் எடுத்து, அதில் ஊறியிருப்பதைக் கரைத்துப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. பனிவரகுக்கு ஒரு தடயம், தேன்மெழுகுக்கு ஒன்று, பாலுக்கும் இறைச்சிக் கொழுப்புக்கும் வேறு. திராட்சைக்கு டார்டாரிக் அமிலம். இது நம் புளியிலும் ஏராளமாக உண்டு. நம் ஊர் ஓட்டில் இது கிடைத்தால் ஒயின் என்று சொல்லும் முன் ரசத்தையும் நினைக்க வேண்டும்! டான்யூப் கரையில் புளியமரம் கிடையாது என்பதால் அங்கே அந்தச் சந்தேகம் இல்லை.

மோன் லாசுவாவில், ஒயினுக்கென்று கடல் தாண்டி வந்த கிரேக்கக் கிண்ணங்களில் உள்ளூர் பீரும் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்நியக் கிண்ணத்தை வாங்கித் தங்கள் விருந்துக்குத் தோதாக்கிக்கொண்டவர்களை, பார்த்துப் பழகியவர்கள் என்று எப்படிச் சொல்வது? தேன்மெழுகுத் தடயமும் பல பாண்டங்களில் இருந்தது. தேனடையைக் கழுவிய நீரை இவர்கள் குடிப்பார்கள் என்று டியோடோரஸும் ஒரு வரி எழுதியிருக்கிறார், பார்லி பீரையும் சொல்லியிருக்கிறார். ஊர் நினைவில் நின்றதென்னவோ அடிமைக் கதை மட்டும்தான்.

ஹொய்னேபுர்க் செய்தி இன்னும் பெரியது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில், கிரேக்கக் கிண்ணம் ஒன்றுகூட அங்கே வந்து சேராத காலத்திலேயே, உள்ளூரில் கையால் வனைந்த பாத்திரங்களில் திராட்சை ஒயின் குடித்திருக்கிறார்கள். அதுவும் தலைவர் வீட்டில் மட்டும் அல்ல, குடியிருப்பின் பல பகுதிகளிலும். அடுத்து வந்த காலத்தில்தான், சக்கரத்தில் வனைந்த நேர்த்தியான பாண்டங்களும் கிரேக்க இறக்குமதியும் வந்த பிறகு, ஒயின் மேட்டுக்குடி பக்கம் ஒதுங்கியதாகத் தெரிகிறது. மேலிருந்து கீழே இறங்கிய பழக்கம் என்று நினைத்திருந்தோம். இங்கே எல்லாருக்கும் கிடைத்த ஒன்று சிலருடையதாகிப் போயிருக்கிறது.

விக்ஸ் பாத்திரத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கெல்ட் மக்களின் சாப்பாட்டையும் குடியையும் பற்றி இனி யார் எழுதினாலும், அந்த வெண்கலத்துக்கு முன்னால் ஹொய்னேபுர்க்கின் கையால் வனைந்த கிண்ணத்திலிருந்து தொடங்க வேண்டும். அதில் கொஞ்சம் ஒயின் இன்னும் ஊறியிருக்கிறது.